மூட்டக்கூடாத துணி

என் கையெழுத்துக்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஊசி பிடித்துப் பிடித்து விரல் வளைந்துவிட்டது, பேனா அதில் சரியாக உட்காருவதில்லை. எழுத்துப் பிழைகளும் இருக்கும். கன்டோன்மென்ட் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான் படித்தேன். அதன் பிறகு இந்தப் புனேயில் நான் தமிழில் படித்ததெல்லாம் தினசரி காலண்டரும் கல்யாணப் பத்திரிகைகளும்தான். பேசவே கூச்சப்படுகிறவன் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா வட ஆற்காட்டிலிருந்து வந்து இங்கே ராணுவத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். நான் ஐந்தாவது படிக்கும்போது அவர் போய்விட்டார். அண்ணன் எனக்கு நிறைய மூத்தவர். அப்போதே அவர் வானவடியில், பட்டாளத்துக் குடியிருப்புகளுக்கு எதிரே, தையல் கடை வைத்திருந்தார். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கடையில் உட்கார வைத்தார். காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது, கையால் ஹெம்மிங் மடிப்பது என் வேலை. அளவெடுப்பது, வெட்டுவது, பேசுவது அண்ணன் வேலை. மூன்றாவதுதான் பெரிய வேலை என்று எனக்கு எப்போதும் தோன்றும். வாடிக்கையாளர் யாராவது என்னைப் பார்த்து ஏதாவது கேட்டால் நான் அண்ணனைப் பார்ப்பேன், அண்ணன் பதில் சொல்வார்.

நாங்கள் இரண்டு பேரும் கைலி கட்டுகிறவர்கள். குனிந்தே உட்கார்ந்து தைக்கிறவனுக்கு அதைவிடச் சுகமான உடுப்பு கிடையாது. ஆனால் இந்த ஊரில் கைலி கட்டினால் ஒரு பெயர் ஒட்டிக்கொள்ளும். பக்கத்துப் பான் கடையில் நிற்கிற ஆட்கள், அண்ணன் டீ வாங்கப் போகும்போதெல்லாம், "க்யா லுங்கி, கிதர் சலே?" என்பார்கள், என்ன லுங்கி, எங்கே கிளம்பிட்டே என்று. அண்ணனும் சிரித்துக்கொண்டே போவார். ஒருநாள் அவர்களில் ஒருவன் பின்னாலிருந்து கைலியின் நுனியைப் பிடித்து இழுத்தான். அவிழவில்லை, அண்ணன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கையிலிருந்த டீ மொத்தமும் சட்டையில் கொட்டியது. கடைக்குள் வந்து சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டே சொன்னார்: "நாளையிலேந்து பேன்ட் போட்டுக்கினு வா. கடைக்குள்ள எவனும் லுங்கி கட்டக் கூடாது." எவனும் என்றால் நானும் அவரும்தான், வேறு யாரும் அங்கே இல்லை.

அதன் பிறகு பல வருஷம் வெயில் காலத்திலும் டெரிகாட்டன் பேன்ட் போட்டுக்கொண்டுதான் தைத்தோம்.

எனக்குக் கல்யாணம் ஆனது தொண்ணூற்று நாலில். என் மனைவி சிஞ்ச்வட்டில் பிறந்தவள். அங்கே மோட்டார் பாகங்கள் செய்கிற ஒரு பட்டறையில் பேக்கிங் வேலை பார்த்தாள். கல்யாணம் ஆனதும் வேலையை விட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வீடு என்பது ஒரு அறை, ஒரு சமையல் மூலை. அதில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய பெண், நாங்கள் இருவர். எங்களுக்கு என்று அண்ணி ஒரு பழைய சேலையைக் கயிற்றில் போட்டு மறைத்துக் கொடுத்தார். மனசாரத்தான் கொடுத்தார். ஆனால் சேலைக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார்கள். சில மாதங்களில் என் மனைவி அம்மா வீட்டுக்குப் போய்ப் பழைய வேலையிலேயே சேர்ந்துவிட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. போகும்போது என்னிடம் சொன்னது இதுதான்:

"எங்கியாவது தனியா ஒரு கதவு கிடைச்சா கூப்புடு. உடனே வந்துடுவேன். பொடவைக்குப் பின்னால என்னால குடும்பம் பண்ண முடியாது."

சிஞ்ச்வட் பட்டறைகளுக்கு வியாழக்கிழமை விடுமுறை. எங்கள் கடைக்கும் அதையே விடுமுறையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, வாராவாரம் லோக்கல் ரயிலில் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

தொண்ணூற்றாறில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் கடை வாசலில் ஒரு ஜீப் நின்றது. அதிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் அண்ணன் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். கதவை அடைக்கிற உடம்பு. வெள்ளைச் சட்டை, டை, கறுப்புக் கோட். இடுப்புக்குக் கீழே கோட் துணியிலேயே கெண்டைக்கால் வரை சுற்றிக் கட்டிய ஒரு துணி. அதன்மேல் ஒரு சின்னப் பாய், நம் வீட்டுக் கோரைப் பாயைவிட மெல்லிசாகப் பின்னியது, அதை இடுப்பைச் சுற்றி வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தார். காலில் செருப்பு. கூட அவருடைய மனைவி, அவரும் அதே மாதிரி நீளத் துணி, பாய்.

"டேய், பாயைக் கட்டிக்கினு வந்திருக்காருடா," என்று அண்ணன் என்னிடம் தமிழில் முணுமுணுத்தார். முகத்தில் மட்டும் சல்யூட் அடிக்கிற மாதிரி ஒரு மரியாதை.

பசிபிக் கடலில் எங்கோ இருக்கிற ஒரு தீவு நாட்டிலிருந்து, இங்கே ராணுவப் படிப்புக்காக ஒரு வருஷத்துக்கு வந்திருந்த அதிகாரி அவர். சர்ச்சுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் எங்கள் பலகையைப் பார்த்து நின்றிருக்கிறார். அவர் மனைவி கடைகளுக்குப் போய் வந்து ஓரளவு இந்தி கற்றிருந்தார், மீதியைக் கையால் பேசினார். கட்டியிருந்த துணிக்கு டுபேனு என்று பெயர் என்றார். பாய் எதற்கு என்று அண்ணன் கேட்டார். அது மரியாதைக்கு, கடவுளுக்கு முன்னாலும் பெரியவர்களுக்கு முன்னாலும் அது இல்லாமல் நிற்பது அரைகுறையாக நிற்பது மாதிரி என்று அந்த அம்மா சொன்னார். அவர்களுக்கு அதே மாதிரி இன்னொரு டுபேனு வேண்டும். ஜீப்பிலிருந்து பழையது ஒன்றை எடுத்து மாதிரிக்குக் கொடுத்தார்கள்.

அவர்கள் போனதும் நான் அதை விரித்துப் பார்த்தேன். வெறும் நீளத் துணி. ஒரு ஓரத்தில் பை, இடுப்பில் கட்டிக்கொள்ள இரண்டு நாடா. இடமிருந்து வலம் சுற்றி நாடாவை முடிந்தால் சரி. கீழ் மடிப்பு மட்டும் கையால் தைத்திருந்தது. வெளியே ஒரு நூல்கூடத் தெரியவில்லை.

"இத்தப் போயி உடுப்புன்னு தைக்கச் சொல்றாங்க. நம்ம லுங்கிதாண்டா இது. கோட்டுத் துணியில லுங்கி!" அண்ணனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு திடீரென்று சிரிப்பு நின்று முகம் வேறு மாதிரி ஆனது. எழுந்து பான் கடைக்குப் போனார். நானும் எட்டிப் பார்த்தேன்.

"தேக்கா க்யா?" என்று அவர்களைப் பார்த்துக் கேட்டார். "மேஜர் ஸாப். லுங்கி பஹன்கே ஆயா. காடி மே. அபி போலோ!"

பார்த்தீர்களா, மேஜரே லுங்கி கட்டிக்கொண்டு வண்டியில் வந்தார், இப்போது பேசுங்கள் என்று அர்த்தம். சற்று முன் ஜீப் வந்தபோது அவர்கள் எழுந்து நின்றதை நானே பார்த்தேன். மறுநாள் அண்ணன் பெட்டியிலிருந்து நீலக் கட்டம் போட்ட கைலியை எடுத்துக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். என்னையும் கட்டச் சொன்னார். அன்று அவர் கட்டிங் மேஜையைச் சுற்றி நடந்த நடை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த டுபேனுவை அண்ணன் வெட்டினார், நான் மடித்துத் தைத்தேன். வாங்க வந்த அந்த அம்மா மடிப்பின்மேல் விரலை ஓட்டிப் பார்த்து, என்னைக் காட்டி, "இவரா?" என்றார். அண்ணன், "ஹான் ஜி, மேரா சோட்டா பாய், ஹாத் கா காம் சப் யஹி கர்த்தா," என்றார், கை வேலையெல்லாம் என் தம்பிதான் என்று. அதற்குப் பிறகு அவர்கள் எது கொண்டுவந்தாலும் என் கையில்தான் கொடுப்பார்கள். அதிகாரி என்னைப் பார்த்தால் புருவத்தை ஒருமுறை உயர்த்தி இறக்குவார். அவர்கள் ஊரில் ஆமாம் என்பதற்கும் வணக்கம் என்பதற்கும் அதுதானாம். வாயைத் திறக்காமல் வணக்கம் சொல்ல ஒரு வழி இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நானும் புருவத்தை உயர்த்துவேன். அவர் சிரிப்பார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

சில மாதம் போனது. ஒருநாள் அவர் தன்னுடைய இந்தியில், நிறுத்தி நிறுத்தி, ஒரு விஷயம் சொன்னார். அவர்கள் மெஸ்ஸில் இருந்த தையல்காரர் வேலையை விட்டு ஊருக்குப் போகிறார். அந்த இடத்துக்கு ஆள் தேடுகிறார்கள். தையல் அறைக்குப் பின்னால் ஒரு ரூம் உண்டு, தண்ணீர்க் குழாய் உண்டு, குடும்பத்தோடு இருக்கலாம். நான் வருவதாக இருந்தால் அவர் பொறுப்பாளரிடம் பேசுவார். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் மெஷினில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. நான் புருவத்தை உயர்த்தினேன்.

அன்று மாலை அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "நீ போய்ட்டா காஜா யாருடா போடறது?"

"சாயங்காலம் வந்து போட்டுத் தர்றேண்ணா."

"ம்," என்றார்.

அந்த வியாழக்கிழமை மனைவியிடம் சொன்னேன். அவள் எழுந்து வெளியே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பித்தளைப் பூட்டு, புதுசு. "கதவு இருக்குதுன்னா பூட்டு வேணும்ல?" என்றாள். வளையத்தில் இரண்டு சாவி. ஒன்றைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டு, உடனே திரும்ப வாங்கிக்கொண்டாள். "ரூம் கையில வந்தப்புறம் தர்றேன். நீ தொலைச்சிடுவ."

அடுத்த சில நாளில் அந்த அம்மா மட்டும் கடைக்கு வந்தார். கறுப்பு உடை, இடுப்பில் கந்தலாய்ப் போன ஒரு பெரிய பாய், துக்கத்துக்கு அப்படித்தான் கட்டுவார்களாம். அதிகாரியின் அப்பா ஊரில் இறந்துவிட்டார். படிப்பின் நடுவில் இவரால் போக முடியவில்லை. அப்பா கட்டிய ஒரு துணியை யாரோ இங்கே அனுப்பிவைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவருக்காகப் பிரார்த்தனை, இவர் அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டும். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கறுப்பு வெளுத்துப் பழுப்பாகிப்போன பருத்தித் துணி. இரண்டு பக்கமும் ஓரம் பிரிந்து நூல் நூலாகத் தொங்கியது. கீழ் மடிப்பு ஒரு முழம் அவிழ்ந்திருந்தது. கீழ் மடிப்பை மட்டும் தைத்தால் போதும், மற்றதைத் தொட வேண்டாம் என்று, தொங்குகிற நூல்களைக் காட்டிக் கையை ஆட்டிச் சொன்னார். எனக்குப் புரிந்தது. அண்ணன் அப்போது உள்ளே ஒரு சிப்பாய்க்குத் தோள் அளந்துகொண்டிருந்தார்.

புதன்கிழமை மாலை அந்த மடிப்பைப் பாதிக்குமேல் தைத்துவிட்டேன். மீதியை வெள்ளிக்கிழமை முடிக்கலாம் என்று மடித்து என் பலகைமேல் வைத்துவிட்டு, வியாழக்கிழமை சிஞ்ச்வட் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கடைக்கு வந்தபோது பலகைமேல் அந்தத் துணி இஸ்திரி போட்டு, நான்காக மடித்து, காகிதத்தில் வைத்திருந்தது. அண்ணன் குளித்துப் பட்டை போட்டு, கைலியும் பளிச்சென்று, காத்துக்கொண்டிருந்தார்.

"நேத்து லீவுலயும் வந்து குந்தினேன். பிரிச்சுப் பாரு," என்றார்.

பிரித்தேன். இரண்டு ஓரத்தையும் நேராக வெட்டி, நுனியோடு நுனி சேர்த்து, அண்ணன் அதை மூட்டியிருந்தார். நம் வீட்டில் புதுக் கைலி வாங்கினால் முதல் வேலையாகச் செய்வோமே, அந்த மூட்டு. உள்ளே வெட்டு முனை தெரியாமல் மடித்து இரட்டைத் தையல். இழுத்தாலும் பிரியாது. வாழ்க்கையில் அவர் அதைவிட நன்றாக ஒரு தையல் போட்டு நான் பார்த்ததில்லை.

"பாவம்டா அந்தாளு," என்றார். "எப்ப பாத்தாலும் நடக்கறப்ப ஒரு கை துணிமேலயே இருக்குது. காத்தடிச்சா தொறந்துக்குது. அவுங்க ஊர்ல இத்த மூட்டிக் குடுக்க ஒரு ஆளு இல்ல போலகீது. அப்பன் துணி வேற. ஒரு பைசா வாங்கக் கூடாது, சொல்லிட்டேன். நம்ம ஆளுடா அவரு."

அப்படித்தான் சொன்னார். நம்ம ஆளு. எங்களில் யாரும் மூட்டாத கைலி கட்டியதில்லை. துணியைத் திறந்தபடி சுற்றிக்கொள்வதுதான் ஒருவருக்கு முறையாக இருக்கும் என்பது அவர் மூளையில் ஏறவே இல்லை. அந்த அம்மா தொட வேண்டாம் என்று சொன்னதை நான் அவருக்குச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என் வேலையை அண்ணன் ஒருநாளும் தொட்டதில்லை. அதனால் சொல்லத் தோன்றவில்லை.

"அண்ணா, இது தொறந்துதாண்ணா இருக்கணும்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் சின்னக் கத்தரியை எடுத்துத் தையலைப் பிரிக்க உட்கார்ந்தேன். "டேய், டேய், வைடா!" என்று அவர் என் கையைப் பிடித்தார். அந்த நேரம் வாசலில் ஜீப் வந்து நின்றது.

அதிகாரியும் அந்த அம்மாவும் வந்தார்கள். அண்ணன் துணியை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். அதிகாரி பிரித்தார். ஓரத்தைத் தேடினார். கை சுற்றிச் சுற்றி வந்தது, ஓரம் கிடைக்கவில்லை. அவ்வளவு பெரிய மனிதர், கண் தெரியாதவர் தடவுகிற மாதிரி அந்தத் துணியைத் தடவிக்கொண்டே போனார். பிறகு மூட்டிய இடத்தைக் கண்டுபிடித்தார். அந்த அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி துணியைப் பேன்டுக்கு மேலேயே தலைவழியாகப் போட்டுப் பார்த்தார். தோளில் மாட்டிக்கொண்டது. எடுத்துவிட்டார்.

"கிஸ்னே கியா?" என்றார். யார் செய்தது. குரலை உயர்த்தவில்லை.

அண்ணன் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மேரா பாய், ஸாப். படா-லிக்கா நஹீ ஹை. சமஜ்தா நஹீ. மாஃப் கர்னா."

என் தம்பி, படிக்காதவன், புரியாதவன், மன்னித்துவிடுங்கள். விரலில் தையல் குப்பி, இன்னொரு கையில் அந்தச் சின்னக் கத்தரி, அப்படியே உட்கார்ந்திருந்தேன். சொல்வதற்கு வார்த்தை எனக்குத் தெரியும். மைனே நஹீ கியா, நான் செய்யவில்லை. மூன்றே வார்த்தை. தொண்டைக்கு வந்தது. அதைச் சொன்னால், எனக்குச் சோறு போட்ட அண்ணன் வாடிக்கையாளர் முன்னால் பொய்யர் ஆவார் என்பதும் கூடவே வந்தது. அதுதான் காரணமா, இல்லை வெறும் கூச்சமா என்று என்னால் இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வெட்டிய ஓரம் எங்கே என்று அந்த அம்மா கேட்டார். அண்ணனுக்கு நினைவில்லை. கழிவுத் துணி போடுகிற மூட்டை மேஜைக்கு அடியில் இருந்தது, நான் குனிந்து தேடினேன். ஒரு துண்டு முழுசாகக் கிடைத்தது. இன்னொன்றில் அண்ணன் மெஷின் எண்ணெயைத் துடைத்திருந்தார். இரண்டையும் எடுத்து நீட்டினேன். எங்கே இருக்கிறது என்று தெரிந்து எடுத்துக் கொடுத்தவன்தானே செய்திருப்பான் என்றுதான் அவர்களுக்குத் தோன்றியிருக்கும். அதிகாரி வாங்கிக்கொண்டார். எண்ணெய்த் துண்டைக் கைக்குட்டையில் வைத்துச் சுற்றினார். என்னைப் பார்த்தார். நான் புருவத்தை உயர்த்தினேன். அவர் உயர்த்தவில்லை. அவர்கள் ஊரில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம் என்பது ஜீப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவர்கள் திரும்ப வரவில்லை. மெஸ் தையல் அறைக்கு வேறு ஒருவர் வந்தார் என்று கேள்விப்பட்டேன். ஒருநாள் அவர்கள் குடியிருப்பு கேட் வரைக்கும் போனேன். உள்ளே போக யாரைப் பார்க்க வேண்டும் என்று காவலாள் கேட்டான். "கோயி நஹீ," யாரும் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். வருஷம் முடிந்து அவர்கள் நாட்டுக்குப் போய்விட்டார்கள்.

அண்ணன் மறுநாளே பேன்டுக்குத் திரும்பினார். அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து எனக்கு ஒரு புதுச் சட்டை தைத்துக் கொடுத்தார். நான் போட்டுக்கொண்டேன். நான் போய்விடக் கூடாது என்பதற்காக என்னைச் சொன்னாரா, அல்லது அந்த நொடியில் பயந்து வாயில் வந்ததைச் சொன்னாரா? காஜா போடும்போதெல்லாம் இதே கேள்வியைத்தான் சேர்த்துப் போட்டேன்.

மனைவியிடம் சொன்னபோது அவள் கடைசி வரை கேட்டாள்.

"அவுரு உன்னைச் சொல்றப்போ நீ அங்கதான இருந்த?"

"இருந்தேன்."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"ரூம் போனா போவுது. வேற ரூம் வரும். உனக்கு வாய் எங்க போச்சு?"

அவள் பூட்டை எடுத்து டிரங்குப் பெட்டிமேல் வைத்தாள்.

"நாளைக்கு என்னைப் பத்தி யாராவது எதுனா சொன்னாலும் நீ இப்படித்தான் குந்திக்கினு இருப்ப. நான் பண்ணலன்னு உங்க அண்ணன்கிட்ட, அவுங்க வீட்டு ஆளுங்க முன்னால, ஒரு வாட்டி சொல்லு. சொல்லிட்டு வா. சாவி தர்றேன்."

கொஞ்ச நாளில் அவள் பட்டறைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு அறை வாடகைக்கு எடுத்தாள். அந்தப் பித்தளைப் பூட்டு அந்தக் கதவில் தொங்குகிறது. வியாழக்கிழமை போனால் சோறு போடுவாள், பேசுவாள், சில சமயம் சிரிப்பாள். விளக்கு வைக்கிற நேரத்தில், "ரயிலுக்கு நேரமாச்சே," என்பாள். நான் கிளம்பிவிடுவேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் தடையாக வந்தது. அண்ணனுக்குக் காய்ச்சல், அண்ணிக்கு ஆபரேஷன், பெண்ணுக்குப் பரீட்சை, பெண்ணுக்கு வரன். வருஷங்கள் இப்படியா போகும் என்றால், போகும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் கடைப் பரணிலேயே படுக்கப் பழகிக்கொண்டேன்.

இந்த வருஷம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை கோயம்புத்தூர்ப் பையன், இங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அண்ணன் இப்போது கடைக்கு மேலேயே வீடு கட்டியிருக்கிறார். போன வியாழக்கிழமை தலைதீபாவளி. நான் சிஞ்ச்வட் போகவில்லை, இருக்கச் சொன்னார்கள். சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பெண், தேனிலவுக்குப் போன கடற்கரையில் வாங்கியது என்று ஒரு துணியைக் கொண்டுவந்தாள். சிவப்பில் பெரிய பெரிய வெள்ளைப் பூ. நீச்சல் உடைக்கு மேலே சுற்றிக்கொள்வதாம், பரேயோ என்று பெயராம்.

"சித்தப்பா, ஓரம் பிரியுது. கொஞ்சம் தெச்சுக் குடேன்," என்று தன் அரைகுறைத் தமிழில் சொல்லி என் மடியில் போட்டாள்.

அண்ணன் சோபாவிலிருந்து சொன்னார்: "டேய், பாத்துடா. இத்தயும் மூட்டித் தொலைச்சிடாத!"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. அண்ணன் உற்சாகமாகக் கதை சொல்ல ஆரம்பித்தார். ஒரு ஃபாரின் மேஜர், அவர் அப்பாவின் துணி, என் தம்பி அதை மூட்டிவிட்டான், மேஜர் தலைவழியாகப் போட்டுக்கொண்டு நின்றார். அண்ணன் எழுந்து நடித்தே காட்டினார். எப்போது இது வீட்டில் ஒரு சிரிப்புக் கதையானது என்று எனக்குத் தெரியாது. அண்ணி, பெண் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அண்ணனுடைய கண்ணையே பார்த்தேன். அதில் கள்ளம் எதுவும் இல்லை. அவர் அதை நம்பிவிட்டார். நான்தான் மூட்டினேன் என்று அவருக்கே நினைவு.

பூத்துணியைப் பிடித்தபடி நான் சொன்னேன்: "அது நான் இல்லண்ணா. நீதான் மூட்டின."

குரல் எப்படி வந்தது என்று தெரியவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அண்ணன் கையைத் தட்டிச் சிரித்தார்.

"கேட்டுக்கோங்க மாப்பிள! இத்தனை வருஷம் கழிச்சு என் தலையில கட்டறான்!"

"சித்தப்பாவுக்கு ஜோக்கெல்லாம் வருமா!" என்றாள் பெண்.

"சரிடா, நீ இல்ல. நான்தான் மூட்டினேன், போதுமா?" என்றார் அண்ணன். மறுபடியும் ஒரு சிரிப்பு. அண்ணி என் தட்டில் இன்னொரு அதிரசம் வைத்தார். மாப்பிள்ளை என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். பதிலுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் நானும் சிரித்தேன்.

பரேயோவின் ஓரத்தை அன்றைக்கே மடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். மூட்டவில்லை.

வரும் வியாழக்கிழமை சிஞ்ச்வட் போக வேண்டும். சொல்லிவிட்டேன் என்று அவளிடம் சொல்லலாம். அவர்கள் வீட்டு ஆட்கள் முன்னாலேயே சொன்னேன், அது பொய் இல்லை. ஆனால் அவளை எனக்குத் தெரியும். அவங்க இன்னா பண்ணாங்க என்று கேட்பாள். சிரித்தார்கள் என்பேன். நீ இன்னா பண்ண என்று அடுத்தது கேட்பாள். அதற்கும் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். அவள் எதிரில் உட்கார்ந்தால் எனக்கு வாய் வராது என்பதால்தான் இதையெல்லாம் எழுதி வைக்கிறேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், என்னைவிட நன்றாகவே தெரியும். இந்தத் தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு ரயில் நேரம் வரைக்கும் வாசல் படியில் உட்கார்ந்திருப்பேன்.

வானவடி, புனே.
2007 நவம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை.